'பார்க்கலாம்' என்று சொன்ன மருத்துவருக்கு

அன்புள்ள ஐயா,

நான் வலிதணிப்பு சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர். நுரையீரல் புற்றுநோய் முற்றிப்போய் வந்த ஒருவர், "பேத்தி பள்ளிக்கூடம் போறதைப் பார்த்துடுவேனா டாக்டர்?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அடுத்த வாரமே இறந்துவிட்டார். பொய்யான நம்பிக்கை கொடுத்துவிட்டேனா? அவருக்காக அழுதேன். ஒரு மருத்துவர் இப்படி உடையலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக அழலாம். உங்கள் துறைக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தபோது, புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதியோடு பழகினார். இத்தகைய நோயாளிகளுக்கென்றே ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் இறந்த டாஸ்மா, அந்த இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருக்க விரும்பி 500 பவுண்டை அவருக்கு விட்டுச்சென்றார். அதன்பின் மருத்துவம் படித்த சாண்டர்ஸ், 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். உங்கள் துறையே ஒரு நோயாளியின் இழப்பிலிருந்து கிளைத்ததுதான்.

"பார்க்கலாம்" பொய்யில்லை. ஆனால் அதோடு பேச்சு நின்றுவிட்டது. அடுத்த முறை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "பேத்தி பேரென்ன?" என்று கேளுங்கள். நாள் போதாது என்று தோன்றினால், "அதுவரை உடம்பு தாங்குமான்னு எனக்கும் கவலையா இருக்கு. புதுச் சீருடையை இப்பவே போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி திறக்கும் நாள் கிடைக்காமல் போகலாம். சீருடையில் பேத்தியைப் பார்ப்பது மறுநாளே நடக்கக்கூடியது.

"இனி செய்ய ஒன்றுமில்லை" என்று கைவிரித்த பிறகு உங்களிடம் அனுப்புகிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இதே புற்றுநோய் பரவியவர்களைப் பற்றியது. தொடக்கத்திலேயே வலிதணிப்பு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்தைத் தாண்டினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 8.9 மாதம். மனச்சோர்வும் முதல் பிரிவினருக்குக் குறைவு.

ஒன்று செய்யுங்கள். இறந்துபோன அந்த நோயாளியின் வீட்டுக்கு போன் போட்டு விசாரியுங்கள். கடைசியில் மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் கொடுத்திருந்தால், அந்த மருந்துதான் கொண்டுபோய்விட்டதோ என்ற உறுத்தல் அவர்களுக்கு இருக்கலாம், வெளியே சொல்லமாட்டார்கள். அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் தவிப்பைத்தான் அடக்கும், உயிரைப் பறித்தது நோய்தான் என்பதை உங்கள் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.