வேன் மரத்துக்குள் போகுமா? – பதில்

சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஏழு இருக்கை வேனில், முட்டிவலி உள்ள அப்பா அம்மாவோடு வடக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் லெகெட் ஊருக்குப் போய், அடிமரத்தில் குடைந்த வழிக்குள் வண்டியை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்ட வேண்டாம். அங்குள்ள சாண்டிலியர் மரம் என்ற செம்மரத்தில் (ரெட்வுட், நம்மூர்ச் செம்மரம் இல்லை) 1930களில் குடைந்த வழியின் அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம். ஏழு இருக்கை வேன்கள் பெரும்பாலும் ஆறரை அடி அகலம், அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். வாடகை வண்டியில் கீறல் விழுந்தால் தண்டம் கட்டப்போவது நீங்கள்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்ப் படம் எடுங்கள், பெரியவர்களுக்கும் அதுவே சௌகரியம்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கார் நுழையும் மரம் பற்றிப் பழைய படங்களைப் பார்த்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். 1881இல் குடைந்த வவோனா மரம் 1969லேயே விழுந்துவிட்டது. அது செம்மரத்தின் பங்காளியான செக்வோயா, வேறு இனம்.

என்னைக் கேட்டால், லெகெட்டில் அரை மணி நேரம் போதும். அப்புறம் 101ஆம் சாலையில் வடக்கே போய் அவென்யூ ஆஃப் த ஜயண்ட்ஸ் பாதையில் திரும்புங்கள். 31 மைல், இருபுறமும் செம்மரங்கள்தான். வழியில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற செம்மரத் தோப்பு வரும், சுற்றுப்பாதை அரை மைல்தான், சமதரை. 1991இல் சாய்ந்த டயர்வில் ஜயண்ட் என்ற பெரிய செம்மரம் அங்கே கிடக்கிறது. அதன் வேர்ப்பக்கம் அப்பாவை நிறுத்திப் பாருங்கள், மரத்தின் அளவு அப்போதுதான் புரியும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் நிழலில் குளிரும்.