மூளை சொல்லாமலே இதயம் எப்படித் துடிக்கிறது?

இதயத்துக்குள்ளேயே மின் அலையை உண்டாக்கிக் கடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறு செல் கூட்டம். சோடியம், கால்சியம் அயனிகள் மெல்ல உள்ளே கசிவதால் இந்தச் செல்கள் தாமாகவே மின்தூண்டலை எழுப்புகின்றன. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை.

அலை பரவியதும் மேலறைகள் சுருங்கும். அப்புறம், 1906-இல் ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா விவரித்த, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஏ.வி. கணு என்ற செல் கூட்டத்தில் சுமார் 0.1 விநாடி தாமதம். இந்த அமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஏறும்வரை விசில் கொடுக்காத கண்டக்டர் மாதிரி, மேலறை ரத்தம் கீழறைக்குள் இறங்க அது நேரம் கொடுக்கிறது. அவசரப்பட்டால் கொஞ்சம் ரத்தம் மேலேயே நின்றுவிடும். பிறகு ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் என்ற மின்கடத்தும் பாதைகள் வழியாக அலை வேகமாகப் பாய, கீழறைகள் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பிழிந்து ரத்தத்தை வெளியேற்றும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் மூளைதான் உத்தரவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூளையிலிருந்து வரும் நரம்புகள் வேகத்தையும் வலுவையும் கூட்டிக் குறைக்கும், அவ்வளவே. நரம்புகள் அறுபட்ட நிலையில் பொருத்தப்படும் மாற்று இதயமும் அதனால்தான் தானாகத் துடிக்கிறது.