லீவர் ஆடுகிறது, மை ஏறவில்லை

கெப்பாலா பத்தாஸிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, எங்கள் தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். அவர் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதிய பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. உடலின் பக்கவாட்டில் நீளமாக ஒரு சின்ன உலோக லீவர். மைப்புட்டியில் நிப்பை நனைத்து லீவரைத் தூக்கி இறக்கினேன். இரண்டு வரி எழுதியது, அப்புறம் காய்ந்துவிட்டது. லீவர் எந்தத் தடையும் இல்லாமல் லேசாகத் தூக்குகிறது. குலுக்கினால் உள்ளே பொரி மாதிரி ஏதோ ஆடுகிறது. சரிசெய்ய முடியுமா? இன்னொன்று: மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகிறாள். மைப்பேனா கேட்கிறாள். பிஸ்டன் என்கிறார்கள், வேக்குவம் என்கிறார்கள். எதை வாங்குவது?"

அம்மா, குலுக்கினால் ஆடுகிறதே, அந்தப் பொரிதான் உங்கள் கேள்விக்குப் பதில். அது ஒரு காலத்தில் ரப்பர் பையாக இருந்தது.

இரண்டு வரி எழுதியதை வைத்துப் பேனா மை எடுத்துக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். நிப்புக்கு அடியில் கரிய கட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதை நான் நாக்கு என்று சொல்வேன். அதில் மயிரிழை போன்ற பள்ளங்கள் உண்டு. புட்டியில் நனைத்ததும் அந்தப் பள்ளங்களில் தானாக ஏறிக்கொண்ட மைதான் உங்களுக்கு இரண்டு வரி தந்தது. உடலுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது புரிய ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். தானே மை நிரப்பிக்கொள்ளும் பேனாக்களில் எத்தனை வகை இருந்தாலும், அநேகமாக எதுவும் மையை உறிஞ்சுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மையை உள்ளே தள்ளுவது புட்டிக்கு வெளியே நிற்கும் நம் காற்று மண்டலம். பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே ஐஸை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோமே, அதே கதை. ஸ்ட்ராவில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் கன்னம் ஒட்ட இழுத்தாலும் வாய்க்குள் காற்றுதான் வரும். பேனா பழுது பார்ப்பவன் வேலையில் முக்கால் பங்கு அந்த ஓட்டையைத் தேடுவதுதான்.

உங்கள் பேனாவின் உள்ளமைப்பைச் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஃபோர்ட் மேடிசன் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷேஃபர் 1908-இல் இந்த லீவர் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் லீவர் பேனா செய்தன. உங்களுடையது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். உடலுக்குள் விரல் போல நீண்ட ரப்பர் பை. அதன் திறந்த வாய், நிப்பைத் தாங்கும் கழுத்துப் பகுதியின் பின்முனையில் ஒட்டப்பட்டிருக்கும். பைக்கும் லீவருக்கும் நடுவில் மெல்லிய எஃகுத் தகடு. லீவரைத் தூக்கினால் தகடு பையை எதிர்ச் சுவரோடு நசுக்கும்; காற்று நிப்பு வழியாக வெளியேறும். லீவரை இறக்கினால் தகடு விலகும்; பை தன் சொந்த மீள்திறனால் உப்பும்; அந்த வெற்றிடத்தை மை வந்து நிரப்பும்.

ஆக எல்லாமே அந்தப் பை திரும்ப உப்புவதை நம்பித்தான் இருக்கிறது. ரப்பருக்கு ஆயுள் உண்டு. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். சில பைகள் இறுகி முட்டை ஓடு போல நொறுங்கும். சில உருகிப் பாகு போல ஒட்டிக்கொள்ளும். உங்களுடையது நொறுங்கிவிட்டது. அதனால்தான் லீவருக்குத் தடையே இல்லை. நசுக்க எதுவும் இல்லை. ஒருவேளை லீவர் தூக்க முடியாமல் முரண்டு பிடித்திருந்தால், பை இறுகி முழுசாக உள்ளே நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் பலவந்தம் செய்தால் லீவர் ஒடியும், அல்லது அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் ஓரம் விரிசல் விடும். பையை மாற்றிவிடலாம், விரிசல் விட்ட உடலை மீட்பது பெரும்பாடு.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு வரும். கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் தொடங்கி, மலாயா உலக ரப்பரில் பெரும் பங்கைத் தரும் நிலைக்கு வளர்ந்த காலமும், ரப்பர் பை வைத்த பேனா உலகம் முழுக்கப் பரவிய காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு நம்மவர்கள் வெட்டிய பாலில் ஒரு பங்கு, கிராணியின் சட்டைப்பையில் பேனாவாகத் திரும்பி வந்து அவர்கள் பேருக்கு நேரே கோடு போட்டிருக்கலாம். சரி, வேலையைப் பார்ப்போம்.

முதலில் சாதாரணத் தண்ணீரில் நிப்பை முழுக்க நனைத்து லீவரைத் தூக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பை உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு வராது, இருந்தாலும் இந்தச் சோதனையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேனா வாங்கும்போது உதவும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டு வாங்கி இப்படிச் சோதித்த பிறகுதான் நான் விலையே கேட்பேன்.

அடுத்து, கழுத்தை உடலிலிருந்து பிரிக்க வேண்டும். பெரும்பாலான லீவர் பேனாக்களில் அது திருகு மரை இல்லாமல் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். சிலவற்றில் மரை உண்டு. ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கை தாங்கும் சூட்டுக்கு மேல் போகாமல், இணைப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பழைய சைக்கிள் டியூப் துண்டு இரண்டை இரு கைகளிலும் பிடிமானத்துக்கு வைத்துக்கொண்டு மெல்ல அசைத்து அசைத்து இழுங்கள். வரவில்லையென்றால் மறுபடி சூடு காட்டுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் தப்பில்லை. தீப்பெட்டி, மெழுகுவத்தி பக்கமே போகக்கூடாது. பேனா உடல் செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கறுப்பு எபோனைட் என்றால் வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். எபோனைட்டும் ரப்பர்தான், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. வெந்நீரில் போட்டால் பழுப்புப் பச்சையாக வெளுத்துப்போகும்.

பிரித்ததும் பழைய பையின் மிச்சத்தைக் கழுத்தின் முனையிலிருந்து சுரண்டி எடுங்கள். உடலைத் தட்டி உள்ளே இருக்கும் பொரியைக் கொட்டுங்கள். டார்ச் அடித்து எஃகுத் தகட்டைப் பாருங்கள். நம் ஊரில் ரப்பருக்கு அடுத்த எதிரி துரு. தகட்டில் துரு முள் ஒன்று இருந்தால் புதிய பையை ஒரு மாதத்தில் குத்திக் கிழித்துவிடும். லேசான துரு என்றால் தேய்த்துவிடலாம். அரித்துப்போயிருந்தால் மாற்ற வேண்டும்.

புதிய பை எண் வைத்து விற்பார்கள். அந்த எண், பையின் விட்டம் ஓர் அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்பது. 16-ஆம் எண் என்றால் கால் அங்குலம். உடலுக்குள் உரசாமல் வழுக்கிப் போகிற அளவில் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். நீளத்தை உடலோடு ஒட்டி வைத்துப் பார்த்து, உள்முனைக்கு மூன்று மில்லிமீட்டர் முன்பே நிற்கும்படி வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஷெல்லாக், அதாவது நம் அரக்கில் செய்தது. வேகமாக ஒட்டுகிறதே என்று சூப்பர் குளூ போட்டு என்னிடம் கொண்டுவருபவர்களை நான் உட்காரவைத்து ஒரு கோப்பித் தண்ணி கொடுத்துவிட்டுத் திட்டுவேன். அரக்கை அடுத்த முறை சூடு காட்டிப் பிரிக்கலாம். சூப்பர் குளூவைப் பிரிக்கும்போது கழுத்தின் முனையும் சேர்ந்து உடையும். அரக்கு காய ஓர் இரவு போதும் என்பார்கள். நம் ஈரத்துக்கு ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு பையின் மேல் வாசனை சேர்க்காத டால்க் தூவி உள்ளே செருகுங்கள். மணக்கும் முகப்பவுடர் வேண்டாம்.

பேனா வெளிர் நிறச் செல்லுலாய்டாக இருந்தால் ஒரு வார்த்தை: ரப்பர் விடும் கந்தக ஆவியில் அது நாளடைவில் பழுப்பேறும். அதற்கு சிலிக்கோன் பை நல்லது.

இனி மை நிரப்பும் முறை. பை நல்லதாக இருந்தும் மை ஏறவில்லை என்று வருபவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நிப்பின் முனை மட்டும் நனைந்தால் போதாது. கழுத்தின் ஓரம் வரை மூழ்க வேண்டும். இல்லாவிட்டால் நிப்பின் நடுத் துளை காற்றைக் குடிக்கும். லீவரை இறக்கியதும் உடனே வெளியே எடுக்காதீர்கள். மை அந்த மயிரிழைப் பள்ளம் வழியாகத்தான் ஏற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நிதானமாகப் பத்து எண்ணுங்கள். பிறகு வெளியே எடுத்து, லீவரைத் துளி தூக்கி இரண்டு மூன்று சொட்டு மையைப் புட்டியிலேயே விட்டு, நிப்பு மேலே பார்க்கத் திருப்பி லீவரை இறக்குங்கள். நாக்கில் தேங்கிய அதிக மை உள்ளே போய்விடும், எழுதத் தொடங்கியதும் பொட்டு விழாது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்டன், வேக்குவம் இரண்டும் அழகான இயந்திரங்கள். பெலிக்கன் கம்பெனி 1929-இல் கொண்டுவந்த பிஸ்டனில், தியோடோர் கோவாச் என்ற பொறியாளர் இரண்டு மரைகளைச் சேர்த்துப் போட்டார். பின்முனைக் குமிழைத் திருப்பினால் குமிழ் கொஞ்சமே வெளியே வரும், உள்ளே பிஸ்டனோ நீளமாக ஓடும். ரப்பர் பையே இல்லாததால் உடல் முழுக்க மைக்குத்தான். வேக்குவம் வகை இன்னும் வேடிக்கை. லண்டனில் டி லா ரூ கம்பெனி 1905-இல் ஒனோட்டோ என்ற பெயரில் விட்டது. பின்முனைக் கம்பியை வெளியே இழுத்து உள்ளே அழுத்தும்போது, அதன் முனையில் உள்ள அடைப்பானுக்குப் பின்னால் வெற்றிடம் உருவாகிக்கொண்டே வரும். அடிப்பகுதியில் உடல் சற்று அகலம். அடைப்பான் அங்கே போனதும் ஓரத்தில் வழி திறக்கும். புஸ்ஸென்று மை ஒரே மூச்சில் பாயும். முதல் முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். பிஸ்டனும் வேக்குவமும் மொத்தமாகக் கழுவ நேரம் எடுக்கும். பிள்ளை பள்ளி விடுமுறைக்கு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனால் மை உள்ளே காய்ந்து அடைப்பானைப் பிடித்துக்கொள்ளும். கன்வர்ட்டர் போடும் பேனா வாங்கிக் கொடுங்கள். கன்வர்ட்டர் என்பது தனியாகக் கழற்றும் ஒரு குட்டிப் பிஸ்டன். மை ஒரு மில்லிக்குள்தான் கொள்ளும், ஆனால் குழாயடியில் இரண்டு நிமிடத்தில் சுத்தமாகும், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். சிக்கனமாக வேண்டுமென்றால் ஹீரோ 616 இருக்கிறது. பார்க்கர் 51-ஐப் பார்த்துச் சீனாவில் செய்தது. உலோகக் கூட்டுக்குள் இருக்கும் பையை நாலைந்து முறை அமுக்கி நிரப்ப வேண்டும். பேனாவுக்குப் பேனா எழுத்து ஒரே சீராக இருக்காது, வாங்கும்போது நாலைந்தை எழுதிப் பார்த்து எடுக்க வேண்டும்.

எந்தப் பேனாவாக இருந்தாலும் மகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: உயரம் ஏறும்போது பேனா நிறைந்திருக்க வேண்டும், நிப்பு மேலே பார்க்க வேண்டும். நான் இதைச் சட்டையைக் கெடுத்துக்கொண்டு கற்றேன். பினாங்கின் கொடிமலை உச்சியில் அருளொளி திருமுருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். சட்டைப்பையில் பாதி காலியான லீவர் பேனா. கீழிருந்து 700 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். பைக்குள் அடைபட்ட காற்று அந்த அளவுக்கு விரியும். என் உடம்புச் சூடும் சேர்ந்துகொண்டது. ஒரு மில்லி காற்று இருந்தால் அது ஒன்றிரண்டு சொட்டு மையை வெளியே தள்ளப் போதும். முருகனுக்கு முன்னால் நீலப் பொட்டோடு நின்றேன். பாயான் லெப்பாஸிலிருந்து விமானம் ஏறினால் இன்னும் மோசம். கேபினுக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் மலை உச்சியில் இருப்பது அளவுக்குக்கூடக் குறையலாம். நிறைந்த பேனாவில் விரிவதற்குக் காற்றே இல்லை, அதனால் ஒழுகாது. சுத்தமாகக் காலியான பேனாவும் ஒழுகாது.

மைக்கு ஒரே ஒரு தடை: படம் வரையும் இந்தியன் இங்க் எந்த மைப்பேனாவிலும் ஊற்றக்கூடாது. அதில் அரக்கு கலந்திருக்கும். பையை ஒட்டும்போது நமக்கு உதவிய அதே அரக்கு நாக்கின் பள்ளத்தில் காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது.

தாத்தாவின் பேனாவைத் திறந்ததும் கழுத்தின் முனையில் பழைய பையின் வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்ததைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். புதிய பைக்கு எண் பார்க்கும்போது அந்த வளையத்தையும் கழுத்தின் முனையையும் சேர்த்து அளந்தால்தான் அளவு தப்பாது.