ஏங்கினால் நேரம் நீளும்: சில ஆங்கிலச் சொற்கள், சில கேள்விகள்

ஆசையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே போடுவது, நீளத்தைச் சொல்லும் சொற்களில் எதை எங்கே விடுவது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒன்று போலிருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, ‘லாங்’ என்றால் நீளம். ஆனால் ‘லாங் ஃபார்’ என்றால் ஏங்குவது என்கிறார்கள். ஒரே எழுத்தில் அமைந்த இரண்டு தனிச் சொற்களா இவை?

இல்லை, வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் ‘லாங்கியன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. நீண்டுபோவதற்கும் அதுதான், ஏங்குவதற்கும் அதுதான். ஏங்குகிற பொருளில் அதைப் பயன்படுத்திய விதம்தான் சுவையானது. ‘நான் ஏங்குகிறேன்’ என்று நேராகச் சொல்லாமல், ‘எனக்கு நீள்கிறது’ என்பதைப் போல ஒரு வாக்கியம் அமைப்பார்கள். இங்கிலீஷ்காரர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு வகுப்பே எடுக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாம். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு வேண்டும்’ என்று தினமும் பேசுகிறவர்கள் நாம். பசியை நாம் செய்வதில்லை, அது நமக்கு வருகிறது. அவர்களுக்கு ஏக்கமும் அப்படித்தான் வந்தது. ‘நான்’ என்ற எழுவாய் பின்னால்தான் உள்ளே நுழைந்தது.

நீளத்துக்கும் ஏக்கத்துக்கும் என்ன உறவு என்றால், காத்திருக்கிறவனுக்கு நேரம் நகராது. பிரிந்து போனவர் திரும்பும் நாளை எண்ணி ஏங்குகிறவர்களுக்கு ஒரு நாள் ஏழு நாள் போலக் கழியும் என்று குறளிலும் இருக்கிறதே. அதே அனுபவத்தை ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் பூட்டி வைத்துவிட்டது.

போகாமல் தயங்கி நிற்பதைச் சொல்லும் ‘லிங்கர்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு ‘லென்ட்’ என்று பெயர். அது வசந்த காலத்துக்கான பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பகல் நீளத் தொடங்கும் பருவம் என்பதால் அதையும் ‘லாங்’ வேரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: சார், விடுப்புக் கடிதத்தில் ‘ஐ டிசையர் டு டேக் லீவ்’ என்று எழுதினேன். மேலாளர் சிரித்துவிட்டார். வான்ட், விஷ், டிசையர் எல்லாம் ஆசைதானே?

மேலாளர் சிரித்ததில் நியாயம் உண்டு. ‘டிசையர்’ லத்தீன் வழி வந்த கனமான சொல். பெயர்ச்சொல்லாக வைத்தால் எங்கும் பொருந்தும். ‘ஐ’ போட்டு வினையாக்கினால் ஒன்று அரசர் ஆணையிடுவது போல் இருக்கும், இல்லையென்றால் காதல் கடிதம் போல் இருக்கும். இரண்டு நாள் விடுப்புக்கு இரண்டுமே அதிகம். ‘ஐ உட் லைக்’ போதும்.

‘வான்ட்’ நேரடியான சொல். பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு ஆசை என்ற பொருளே இல்லை. ‘இல்லாமல் இருப்பது’, ‘குறைவது’ என்பதுதான் பொருள். ‘ஷி வான்ட்ஸ் ஃபார் நத்திங்’ என்றால் அவளுக்கு எதிலும் ஆசை இல்லை என்று படித்துவிடாதீர்கள். எதிலும் குறை இல்லை என்று அர்த்தம். ‘ஃபவுண்ட் வான்ட்டிங்’ என்றாலும் சோதித்துப் பார்த்ததில் குறை தெரிந்தது என்றுதான் பொருள். இல்லாததைத்தானே கேட்போம். அந்த வழியில் ஆசை பின்னால் வந்து சேர்ந்தது.

‘விஷ்’தான் அதிகம் வழுக்கிவிடும். அதன் பின்னால் இறந்தகால வினை வந்தால், நடக்காதது அல்லது இல்லாதது என்று பொருள். ‘ஐ விஷ் ஐ நியூ’ என்றால் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்பது. ஆகவே தேர்வு எழுதப் போகிறவரிடம் ‘ஐ விஷ் யூ பாஸ்’ என்று சொல்வது பிழை. ‘ஐ ஹோப் யூ பாஸ்’ என்று சொல்லுங்கள், அல்லது ‘ஐ விஷ் யூ சக்சஸ்’ என்று பெயர்ச்சொல் போட்டு வாழ்த்துங்கள்.

கேள்வி: க்ரேவ், யேர்ன், லாங், பைன். அகராதியில் நாலுக்கும் ‘ஏங்கு’ என்றே போட்டிருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். ‘க்ரேவ்’ நாக்கிலும் நரம்பிலும் பிடிக்கும். இனிப்பு, புகை, பிறர் கவனம், இதற்கெல்லாம் அதுதான் சரி. கிடைத்தால் அடங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கிளம்பும். ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்கு உரிமையோடு கேட்பது என்று பொருள். இன்றும் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ‘க்ரேவ் லீவ்’ என்று எழுதுவது அந்தப் பழைய பொருளின் மிச்சம். அவர்கள் விடுமுறைக்கு ஏங்கவில்லை, அனுமதி கேட்கிறார்கள்.

‘யேர்ன்’ நெஞ்சில் பிடிப்பது. எட்டாததை, பெரியதை நோக்கிப் போகும். விடுதலைக்கு யேர்ன் செய்யலாம். ஒரு கப் காப்பிக்குச் செய்தால் வேடிக்கையாக இருக்கும். ‘லாங் ஃபார்’ கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அதில் காத்திருப்பு கூடுதல். ‘பைன்’ என்றால் ஏங்கி ஏங்கி இளைத்துப்போவது. பைன் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்டனை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘பெயின்’, ‘பீனல்’ இரண்டும் இதற்கு உறவு.

சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய ஆசைக்கு ‘ஹேங்கர்’ என்று ஒன்று இருக்கிறது. நப்பாசை என்று நாம் சொல்வதற்கு ஓரளவு பக்கம்.

கேள்வி: ‘கவெட்’ பாவம் என்று படித்தேன். ஆனால் செய்தியில் ‘கவெட்டட் அவார்டு’ என்று பெருமையாக எழுதுகிறார்களே?

1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் பத்துக் கட்டளைகளில், அயலான் வீட்டை ‘கவெட்’ செய்யாதே என்று வருகிறது. அடுத்தவன் பொருள்மேல் கண் வைப்பது என்பதே அந்த வினையின் சாரம். ஆனால் ‘கவெட்டட்’ என்று பெயரடையாகும்போது குற்றம் கழன்றுவிடுகிறது. எல்லோரும் கண் வைக்கும் அளவுக்கு உயர்ந்த விருது, அவ்வளவுதான். ‘லஸ்ட்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். முதலில் வெறும் மகிழ்ச்சி, விருப்பம் என்று இருந்தது, பிறகு காமத்துக்குள் சுருங்கியது. ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்கு இன்றும் சாதாரண விருப்பம் என்ற பொருள் உண்டு. ஊர் சுற்றும் ஆசையைச் சொல்லும் ‘வாண்டர்லஸ்ட்’ அங்கிருந்து கடன் வாங்கியதுதான்.

கேள்வி: டால், ஹை, லாங் மூன்றுக்கும் தமிழில் ‘நெடிய’ என்று போட்டால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தடுமாறுகிறேன்.

நம் ‘நெடு’ தாராளமானது. நெடுமரம், நெடுஞ்சாலை, நெடுநாள் எல்லாவற்றையும் தாங்கும். ஆங்கிலம் கணக்குப் பார்க்கும். நின்றபடி, அகலம் குறைந்து மேலே போனால் ‘டால்’: ஆள், மரம், கோபுரம். தரையிலிருந்து எவ்வளவு மேலே என்று பார்த்தால் ‘ஹை’: மேகம், கூரை, மலை, சுவர். கிடந்தாலும் தொங்கினாலும் ‘லாங்’: ஆறு, பாம்பு, கயிறு, தலைமுடி.

இது வெறும் இலக்கணம் இல்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்க வைத்து அளப்பார்கள். ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டி அளவெடுப்பார். அட்டையில் அதை ‘லெங்த்’ என்று குறிப்பார்கள். இரண்டு வயதானதும் நிற்க வைத்து அளப்பார்கள், அன்றிலிருந்து ‘ஹைட்’. குழந்தை அதே குழந்தைதான். எழுந்து நின்றதும் சொல் மாறிவிடுகிறது.

கேள்வி: ‘லெங்தி’ என்பது ‘லாங்’ என்பதன் நாகரிக வடிவமா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஓர் ஆற்றை ‘லெங்தி ரிவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். பக்கம் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் பென்சிலில், ‘ஆறு உங்களைச் சலிப்படைய வைத்ததா?’ என்று ஒரு வரி. அதற்கப்புறம் மறக்கவே இல்லை. ‘லெங்தி’ என்பது பேச்சு, அறிக்கை, வழக்கு, விசாரணை போன்றவற்றுக்கு. தேவைக்கு மேல் நீண்டது என்ற முணுமுணுப்பு அதில் எப்போதும் இருக்கும். இது அமெரிக்காவில் பிறந்த சொல். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களும் எழுதுகிறார்கள்.

கேள்வி: நீட்டுவதற்கு எத்தனை சொல்! லெங்தன், எக்ஸ்டெண்ட், ப்ரொலாங், எலாங்கேட்?

பாவாடையை லெங்தன் செய்வார்கள். கெடுவை எக்ஸ்டெண்ட் செய்வார்கள். வேதனையையோ வாழ்நாளையோ ப்ரொலாங் செய்வார்கள். ரப்பர்போல் வடிவம் இழுபட்டால் எலாங்கேட். பேச்சுவார்த்தை இழுத்தடிக்கப்பட்டால் ‘ப்ரொட்ராக்டட்’.

கேள்வி: ‘அட் லெங்த்’ என்றால் கடைசியில் என்பதா, விரிவாக என்பதா?

இரண்டும். ‘ஹி ஸ்போக் அட் லெங்த்’ என்றால் விரிவாகப் பேசினார். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து பின்னால் காற்புள்ளி இருந்தால் ‘கடைசியில், வெகுநேரம் கழித்து’.

கேள்வி: அப்படியானால் ‘பிலாங்’ என்பதிலும் ஏக்கம் இருக்கிறதா?

கவிஞர்கள் அப்படிச் சொல்ல விரும்புவார்கள். உறவுச் சொல்தான், ஆனால் ஏக்கத்தின் வழியாக வரவில்லை. ஒன்றோடு சேர்ந்து செல்வது, அதற்கு உரியது என்ற வழியில் வந்தது.

கேள்வி: நான் ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். ‘ஏக்கம்’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் ‘லாங்கிங்’ போடலாமா?

போடாதீர்கள், கதை ஒரே சுருதியில் நின்றுவிடும். ‘ஏக்கத்தோடு பார்த்தான்’ என்ற இடத்தில் பார்வை மெல்லியதாக, கொஞ்சம் வருத்தமாக இருந்தால் ‘விஸ்ட்ஃபுல்லி’. போன காலத்தை நினைத்து ஏங்கினால் ‘நாஸ்டால்ஜியா’. தாயைப் பிரிந்த குழந்தை சாப்பிடாமல் ஏங்கிப் போயிருந்தால் ‘பைன்’. அவள் வரும் நாளைச் சுவரில் கோடு போட்டு ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தால், அங்கே மட்டும் ‘லாங்கிங்’ வையுங்கள்.