அந்த 'சாரா' அவள் பெயரல்ல

கேள்வி: நூலக அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யும் வேலையில் இருக்கிறேன். வயது 26. யூத இனப்படுகொலை ஆவணங்களைக் கணினியில் தொகுக்கும் காப்பகம் ஒன்றில் சேர வேண்டும் என்பது என் ஆசை. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? செத்தவங்க காகிதத்தோடவே காலம் தள்ளப் போறியா?" என்கிறார் அம்மா. வரலாறு படிக்காத நான் இந்தத் துறைக்குள் போக முடியுமா? முதலில் கோடிங் கற்றுக்கொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

அன்புச் சகோதரிக்கு,

போக முடியும். கோடிங்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஜெர்மன் படியுங்கள். அந்த ஆவணங்கள் பலவும் ஜெர்மனில் எழுதியவை; எழுதியதைப் புரிந்துகொள்வதுதான் மென்பொருளைவிட முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. யூதர்களுக்கென்று அரசு வகுத்த பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருந்த யூதப் பெண்கள், 1939 ஜனவரி 1 முதல் தங்கள் பெயரோடு 'சாரா' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஆண்கள் 'இஸ்ரேல்' என்று. அடையாள அட்டை முதல் நாடுகடத்தல் பட்டியல் வரை அந்தப் பெயர் ஏறியது. இப்போது அப்படி ஒரு பட்டியலை நீங்கள் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பத்துப் பெண்கள், பத்துப் பேருக்கும் சாரா. கணினிக்கு அதுவும் ஒரு பெயர், அவ்வளவுதான். நீங்களும் அப்படியே பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டால், அவளை இழிவுபடுத்தச் சூட்டிய பெயரை இன்னொரு முறை நீங்கள் சூட்டியதாகிவிடும். அதற்காக அழித்துவிடவும் கூடாது. நடந்த கொடுமைக்கு அதுவும் சாட்சி. ஆவணத்தில் உள்ளது உள்ளபடி ஒரு கட்டத்தில், அவளுடைய சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்தில், பக்கத்தில் ஒரு குறிப்பு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மென்பொருளை ஆறு மாதத்தில் யாரும் பழகிவிடலாம்.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். லெம்பெர்க், ல்வூஃப், ல்வோவ், ல்விவ் எல்லாம் ஒரே ஊர். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது. ஆள் பெயர் இன்னும் மோசம். ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் என்ற சிறிய ஊரில், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகத்தில், ஆப்ரமோவிச் என்ற ஒரே குடும்பப் பெயர் 800க்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்களில் இருக்கிறது. அதனால்தான் அங்கே பெயர் அட்டைகளை ஒலியை வைத்து அடுக்கினார்கள். சௌந்தரராஜன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காப்பகத்தில் சுமார் 3 கோடி ஆவணங்கள் உள்ளன. 2007 வரை ஆய்வாளர்களுக்கே கதவு திறக்கவில்லை. 2019இல் 1.3 கோடி ஆவணங்களை இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றில் உடைமை அட்டைகளைத் தேடிப் பாருங்கள். நாஜி வதைமுகாமுக்குள் வந்தவரிடமிருந்து வாங்கி வைத்தவற்றின் கணக்கு: தொப்பி, கோட்டு, காலணி. புகென்வால்ட் என்ற முகாமின் அட்டைகள் பலவற்றில் அடியில் கைதியின் கையெழுத்தும் இருக்கும். ஒரு பேரனுக்குத் தன் தாத்தாவின் கையால் எழுதியது என்று மிஞ்சியது அது ஒன்றாகவே இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பல்லாயிரம் பக்கங்களை ஸ்கேன் செய்தார்கள். எந்தக் காகிதக் கட்டில் இருந்து எடுத்தது என்று குறிக்காமல் விட்டுவிட்டார்கள். படங்கள் பளிச்சென்று இருந்தன, தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் இப்போது செய்யும் வேலையிலேயே இந்த ஒழுங்கைப் பழகுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2010இல் தொடங்கிய ஈஹெச்ஆர்ஐ (EHRI) என்ற இனப்படுகொலை ஆய்வு அமைப்பு, பல நாட்டுக் காப்பகங்களில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் தொகுத்து வருகிறது. இணையவழிப் பாடங்களும் வைத்திருக்கிறது, கட்டணம் கிடையாது. வேலை வாய்ப்பைப் பற்றி உங்களை ஏமாற்ற மாட்டேன். இடங்கள் குறைவு, பலவும் சில வருட ஒப்பந்தம். ஜெர்மனோடு போலிஷ் அல்லது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் தெரிந்தால் உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் படிப்பார்கள்.

அப்புறம் அம்மா. அவரிடம் போலந்தின் வார்சா நகரத்துக் கதையைச் சொல்லுங்கள். யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதிக்குள் அடைபட்ட வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளமும் அவருடைய தோழர்களும் நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்த் தாள் வரை ரகசியமாகச் சேர்த்தார்கள். தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் டேவிட் கிராபருக்கு வயது 19. தன் கடைசி வார்த்தைகளையும் எழுதி உள்ளே வைத்தார். அந்தக் குழுவில் சுமார் 60 பேர் இருந்தார்கள். போரில் தப்பியவர்கள் மூன்றே பேர். அவர்கள் சொன்னதை வைத்து 1946இல் ஒரு பகுதியைத் தோண்டி எடுத்தார்கள், 1950இல் இன்னொன்று கிடைத்தது. புதைத்ததில் மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. தப்பியவர்களில் ஒருவரான ராஹேல் அவுர்பாக் பின்னர் ஜெருசலேமின் இனப்படுகொலை நினைவகமான யாத் வஷெமில் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் தொகுக்கும் பிரிவை நடத்தினார். தங்களைத் தெரிந்தவர்கள் யாருமே மிஞ்ச மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவர்கள் புதைத்தார்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் படிக்கட்டும் என்றுதான். அந்த யாரோ கும்பகோணத்துப் பெண்ணாக இருந்தால் என்ன?

மனம் தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களுக்கு மனம் தயாராகிவிடும், பட்டியல்கள்தான் எதிர்பாராமல் தாக்கும். பிறந்த ஆண்டுக் கட்டத்தில் 1938, 1940 என்று வரும்போது கை நின்றுவிடும். நிற்கட்டும். எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தனியாக உட்கார்ந்து நாள் முழுக்க இதைச் செய்யாதீர்கள். வீட்டில் பேசுங்கள், அம்மாவிடமும்தான்.

ஆரோல்சன் காப்பகம் 2020 முதல் 'ஒவ்வொரு பெயரும் முக்கியம்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. எந்த நாட்டில் இருப்பவரும் வீட்டில் உட்கார்ந்தபடி ஸ்கேன் செய்த அட்டையைப் பார்த்துப் பெயரையும் தேதியையும் ஏற்றலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து அட்டைகள் செய்து பாருங்கள். எந்த எழுத்தில், எந்தக் கட்டத்தில் தடுமாறினீர்கள் என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன படிப்பது என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.