குளியலறைச் சுவரில் ஓதம்: உடைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பாளையங்கோட்டையில் வீடு கட்டி 22 வருடம் ஆகிறது. குளியலறையின் பின்சுவர் ஓதம் காத்து பெயிண்ட் உரிகிறது. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். டைல்ஸ் முழுவதையும் உடைத்து மாற்றச் சொல்கிறார் பிளம்பர். எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

பதில்: கசிவது சப்ளை பைப்பா, கழிவு நீர்ப் பாதையா என்று தெரியாமல் தொகை பேசாதீர்கள். செலவு அதை வைத்துத்தான். கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்கு வரும் மாநகராட்சித் தண்ணீரை அடைத்து, எல்லாக் குழாய்களையும் ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கையும் (சுவரில் இருக்கும் சிறு வால்வு) மூடுங்கள். மாடித் தொட்டிக்குள் குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, காலையில் மறுபடி பாருங்கள். 1,000 லிட்டர் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் போயிருக்கிறது. அப்படியானால் சப்ளை பைப்தான்.

மட்டம் இறங்கவில்லையா? நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் துளை) துணியும் பாலித்தீனும் வைத்து இறுக அடைத்து, தரையில் ஒரு இஞ்ச் தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். ஓதம் கூடினால் டைல்ஸ் இடுக்கிலோ டிராப்பைச் சுற்றியோதான் இறங்குகிறது. தரையோடு வேலை முடியும், சுவரைத் தொட வேண்டாம்.

சப்ளை பைப் என்றால், ஒட்டுப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 22 வருட ஜிஐ பைப் உள்ளே துருவும் உப்பும் படிந்து குறுகியிருக்கும்; போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். ஒரு இடத்தைத் திருகிக் கழற்றும்போதே அடுத்த மரை பொடிந்துவிடும். அந்தக் குளியலறை லைன் முழுவதையும் முக்கால் இஞ்ச் சிபிவிசிக்கு (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) மாற்றுங்கள். அதற்காக எல்லா டைல்ஸையும் உடைக்க வேண்டியதில்லை. பைப் ஓடும் பாதையில் மட்டும் சுவரை வெட்டிக் காடி (பள்ளம்) எடுத்தால் போதும். பழைய டிசைன் டைல்ஸ் கிடைக்காதுதான். அந்தப் பட்டைக்கு வேறு நிறம் போட்டுக்கொள்ளலாம்.

5க்கு 7 அடி அறைக்கு, 10 அடி நீளத்தில் நான்கைந்து பைப். ஷவர், மிக்சர், கீசர், வாஷ் பேசின், ஃப்ளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட் எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து எல்போ (பைப் திரும்பும் வளைவுத் துண்டு) வரும். இவை பித்தளை மரை உள்ளவையாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் மரை, குழாயை முறுக்கும்போது விரிசல் விடும். அது தெரிவதற்குள் டைல்ஸ் ஒட்டியாகிவிடும். பிளம்பருக்கும் உதவியாளுக்கும் 2 நாள், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 3 நாள் கூலி. பெரிய செலவு கூலியும் டைல்ஸும்தான்; பைப்பில் மிச்சம் பிடித்துப் பயனில்லை. மொத்தத்துக்கு மேல் 20 சதவீதம் தனியாக வையுங்கள். உடைத்த பிறகுதான் பழைய ஸ்டாப் காக் (லைனை அடைக்கும் வால்வு), டிராப் இவற்றின் நிலை தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிச்சுவர் நனைந்துவிட்டால் எது மழை ஈரம், எது கசிவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூலியில் கடைசித் தவணையை டெஸ்ட் முடிந்த பிறகே கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். பைப் இணைப்புகளைச் சொல்யூஷன் (பசை) போட்டு ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, பம்ப் வைத்து 5 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் பம்பின் அழுத்தமானி முள் அசையக் கூடாது. பிறகு காடியை மூடுமுன், டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி பைப் பாதையைப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு டவல் ராடுக்குத் துளை போடும்போது அது வேண்டும்.