விதை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்து, அதாவது குறிப்பிலேயே விடையைச் சொல்விளையாட்டாக ஒளித்துவைக்கும் வகை, போடுகிறோம். ஒருவர் புதிர் அமைப்பார், மற்றவர்கள் விடுவிப்போம். முடிந்ததும் ஒவ்வொரு குறிப்பாக எடுத்து அலசுவார்கள். நான் அதற்குள் எழுந்து வந்துவிடுவேன். போன முறை ‘கம்பர் தலையில் வித்து விழ, பிறந்தது பாட்டு (3)’ என்று ஒரு குறிப்பு. குறுக்கே கிடைத்த எழுத்துகளை வைத்துக் ‘கவிதை’ என்று நிரப்பினேன். சரியான விடைதான், ஆனால் ஏன் என்று தெரியாது. இன்னொரு குறிப்பு, ‘இனிப்புப் பலகாரம் மறைக்கும் உறைப்பு (3)’. அதில் ‘இனிப்பு’ இருக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் வெகுநேரம் வாதாடினார்களாம். கட்டம் நிரம்பிய பிறகு இதெல்லாம் எதற்கு? பரீட்சைத்தாள் திருத்துவதுபோல எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டம் நிரம்பினால் பாதிப் புதிர்தான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியை விட்டுவிட்டு எழுந்து வருகிறீர்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பரையே எடுத்துக்கொள்வோம். ‘கம்பர் தலை’ என்றால் அந்தப் பெயரின் முதலெழுத்து, க. வித்து என்றால் விதை. க-வோடு விதை சேர்ந்தால் கவிதை. கடைசியில் நிற்கும் ‘பாட்டு’ விடையின் நேர்ப்பொருள். ‘பிறந்தது’ என்ற சொல் இரண்டு பகுதிகளையும் கோக்கிறது. சும்மா படித்தால் ஒரு மகாகவிக்குக் கவி பிறந்த கதை. பிரித்துப் படித்தால் மூன்று எழுத்துகளுக்கான செய்முறை. ஒரே வரி இந்த இரண்டு வேலையையும் செய்வது கண்ணில் படும் நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இத்தனை காலமாகப் புதிர் போடுகிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். பாட்டுக்கு மூன்றெழுத்தில் ‘பாடல்’ என்றும் சொல்லலாம். உங்களைத் தடுத்தது குறுக்கே வந்த எழுத்துகள். குறிப்பைப் பிரித்திருந்தால் அந்த எழுத்துகள் இல்லாமலே பாடலைத் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

சரி, இனிப்புக்கு வருகிறேன். லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் சிமெனிஸ் என்ற பெயரில் புதிர் அமைத்தவர் டெரிக் மக்நட். 1966-இல் வந்த தன் நூலில் அவர் வகுத்த நெறிகளை, அவருக்குப் பின் அதே இதழில் அஸெட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஜோனதன் க்ரௌதர் ஒரு நல்ல குறிப்புக்கான மூன்று அம்சங்களாகச் சுருக்கிச் சொன்னார்: விடைக்குத் துல்லியமான பொருள், அதை எட்டுவதற்கு நியாயமான சொல்விளையாட்டு, மூன்றாவதாக, வேறொன்றும் இருக்கக் கூடாது. அந்த மூன்றாவதில்தான் உங்கள் நண்பர்கள் மோதியிருக்கிறார்கள். பலகாரம் என்ற சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது. ‘மறைக்கும்’ என்பது தேடச் சொல்லும் சைகை, ‘உறைப்பு’ பொருள். அப்படியானால் இனிப்புக்கு அங்கே என்ன வேலை? வாக்கியம் படிக்க ருசியாக இருக்கிறது, ஆளைத் திசைதிருப்புகிறது என்று அமைத்தவர் சொல்லக்கூடும். அதற்காக வேலையில்லாத சொல்லை உள்ளே விட முடியாது என்பது என் கட்சி. ‘பலகாரம் மறைக்கும் உறைப்பு’ போதும். அந்த வாதத்தை நேரில் கேட்டிருந்தால் நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்திருப்பீர்கள். அப்புறம் அடுத்த புதிரில் ஒவ்வொரு சொல்லையும் ‘நீ எதற்கு வந்தாய்?’ என்று கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். விடுவிக்கும் கை அப்படித்தான் தேறுகிறது.

தமிழில் அலசல் இன்னும் சுவையானது, ஏனென்றால் அமைப்பவரின் பாடு இங்கே அதிகம். நகரம், நரகம் இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள். ஆனால் ‘நகரத்தைக் கலைத்தால்’ என்று எழுதிவிட்டால் உருபு ஏறி எழுத்துகளே மாறிவிடும். கலைக்க வேண்டிய சொல் எப்போதும் உருபில்லாமல் நிற்க வேண்டும், வாக்கியமும் இயல்பாக ஓட வேண்டும். ‘கலவரத்தில் சிக்கிய நகரம் பாவிகளுக்குரிய இடம் (4)’ என்று எழுதினால் நகரம் அப்படியே நிற்கிறது. ‘கலவரத்தில் சிக்கிய’ என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறது. விடையை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் கண்ணில் இந்த உழைப்பு படவே படாது.

முதல் குறுக்கெழுத்துக் கட்டத்தை 1913-இல் நியூயார்க் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டார். கிரிப்டிக் வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. ஆனால் சொல்லைப் பிரித்து மறைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவி, அதாவது எழுத்தையும் சொல்லையும் வைத்து வித்தை காட்டும் பாட்டு, வகைகளில் வினாவுத்தரம் என்று ஒன்று. திருமகள் பெயர் என்ன? போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? சரத்துக்கு இன்னொரு பெயர்? அழகுக்கு? திரு, ஏகு, அம்பு, அம். கடைசிக் கேள்வி, பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம் எது? நான்கையும் சேருங்கள்: திருவேகம்பம். உங்கள் கவிதைக் குறிப்பும் இதே முறைதான். எழுத்தை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுச்சொல் காட்டும் அக்கரச்சுதகமும் அதே பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். தமிழில் இது எவ்வளவு இயல்பாக வரும் என்பது புரியும்.

பரீட்சைத்தாள் என்றீர்கள். நல்ல குறிப்பை நாலு பேர் கூடிப் பிரித்து ரசிப்பதைவிட அதை அமைத்தவருக்குப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. குறை சொல்வதும் அந்த மரியாதையில் சேர்த்திதான். ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் எடை போட்டுப் பார்த்திருக்கிறார் என்று அதில் அவருக்குத் தெரிகிறது.

அடுத்த முறை உட்காருங்கள். விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் வராத விடைக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள், அலசல் தொடங்கியதும் முதலில் அதைக் கேளுங்கள். அதுவரைக்கும் இதைப் போட்டுப் பாருங்கள்: ‘மதுரை தலையை இழக்க, வந்து நின்றான் வெள்ளைக்காரன் (2).’ விடையோடு காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். வெள்ளைக்காரன் என்ற பொருள் துல்லியமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்து.